ஓபான் வெப்: ஜாப் க்யூவைக் கண்காணிக்க இந்த ஒரு திரை போதுமா?

எலிக்சிர் நிரல்மொழியில் பின்னணி வேலை (ஜாப்) என்றதும் பலரும் முதலில் எடுப்பது ஓபான் என்ற லைப்ரரியைத்தான். தனியாக ரெடிஸ் போன்ற சேமிப்புச் சர்வர் வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும். ஆர்டரைச் சேமிப்பதும் அதற்கான மெயில் ஜாபைப் போடுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் முடிகின்றன, ஒன்று ரத்தானால் மற்றதும் ரத்து. அதன் டேஷ்போர்டான ஓபான் வெப் முன்பு காசு கட்டியவர்களுக்கு மட்டும்தான். 2025 தொடக்கத்தில் அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்த மூலமாகிவிட்டதால், இப்போது "போடலாமா" என்ற கேள்விக்கே இடமில்லை. போட்ட பிறகு அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டேபிளில் இருக்கும் வரிகளைப் பார்க்க இதைவிட நல்ல கருவி எலிக்சிர் உலகில் இல்லை. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்பது இதற்குத் தெரியாது. ஏதாவது கெட்டுப்போனால் உங்களை எழுப்பவும் செய்யாது. அந்த இரண்டையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

முதலில் யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்று பார்ப்போம். இது புரியாமல் திரையைப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு க்யூவுக்கும் ஒரு சூப்பர்வைசர், அதாவது தன் கீழே உள்ள ப்ராசஸ்கள் செத்தால் மறுபடி தொடங்கி வைக்கும் ப்ராசஸ். அதன் கீழே மூன்று பேர்: டேபிளிலிருந்து ஜாபை எடுக்கும் ப்ரொட்யூசர், ஜாப் ப்ராசஸ்களைத் தாங்கும் டாஸ்க் சூப்பர்வைசரான ஃபோர்மேன், நிறுத்தும் நேரத்தில் ஓடும் ஜாபுகள் முடியட்டும் என்று பிடித்து வைக்கும் வாட்ச்மேன். ஜாப் ப்ராசஸ் ப்ரொட்யூசரோடு லிங்க் ஆவதில்லை, மானிட்டர் மட்டுமே. அதனால் ஒரு ஜாப் செத்தால் ப்ரொட்யூசர் சாகாது. 'டௌன்' செய்தி வரும், தோல்வி வரியில் பதிவாகும். ஃபோர்மேனின் கீழே உள்ளவை தற்காலிகப் பிள்ளைகள் என்பதால் செத்த ஜாபை எந்தச் சூப்பர்வைசரும் திரும்ப எழுப்பாது. சூப்பர்வைசரின் வழக்கமான "5 வினாடிக்குள் 3 ரீஸ்டார்ட்" கணக்கிலும் அது சேராது. ஜாபை மறுபடி ஓட வைப்பது டேபிளில் இருக்கும் அந்த வரிதான். சூப்பர்வைசர் காப்பது க்யூவை, டேபிள் காப்பது வேலையை. கோளாறுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் விழுகின்றன.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. ஃபீனிக்ஸ் வெப் ஃப்ரேம்வொர்க்கின் லைவ்வியூ இருந்தால் பேக்கேஜைச் சேர்த்து, ரவுட்டரில் இரண்டு வரி. ஓபான் மெட் என்ற துணைப் பேக்கேஜ் எண்ணிக்கைகளைத் திரட்டித் தரும். கவனிக்க வேண்டியது பூட்டு. ரவுட்டில் அப்படியே மாட்டினால் முகவரி தெரிந்த யாரும் உள்ளே வந்து ஜாபை அழிக்கலாம், க்யூவை நிறுத்தலாம். அட்மின் பைப்லைனுக்குப் பின்னால் வையுங்கள். ரிசால்வர் மாட்யூலில் யாருக்கு முழு உரிமை, யாருக்கு வெறும் பார்வை என்று பிரித்து எழுதுங்கள். ஜாப் ஆர்க்ஸில் (ஜாபுக்குக் கொடுக்கும் உள்ளீடுகளில்) வாடிக்கையாளரின் தொலைபேசி எண், மெயில் முகவரி கிடந்தால் அதே ரிசால்வரில் ஆர்க்ஸை வடிவமைக்கும் ஃபங்ஷனில் மறைத்துவிடலாம். எண்ணை ஆர்க்ஸில் போடாமல் ஐடியை மட்டும் போடுவது அதைவிட நல்லது. டேஷ்போர்டின் ஒவ்வொரு செயலும் டெலிமெட்ரி என்ற நிகழ்வு அறிவிப்பில் வருவதால் யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை லாகில் பிடிக்கலாம். அந்த லாகரை நீங்களே இணைக்க வேண்டும்.

ஜாப் பக்கம் அருமை. ஒர்க்கர் (ஜாபைச் செய்யும் மாட்யூல்), நோட் (ஆப் ஓடும் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும்), ஆர்க்ஸின் உள்ளே இருக்கும் ஒரு மதிப்பு என்று எதை வைத்தும் வடிகட்டலாம். ஒரு ஜாபைத் திறந்தால் எப்போது சேர்ந்தது, எப்போது எடுக்கப்பட்டது, எந்த நோடில், ஒவ்வொரு முயற்சியிலும் என்ன பிழை என்று எல்லாம் ஒரே இடத்தில். வாடிக்கையாளர் "இன்வாய்ஸ் வரலை" என்று கூப்பிட்டால் சப்போர்ட் ஆளே தேடிப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். க்யூ பக்கத்தில் நோட் வாரியாக எத்தனை ஓடுகின்றன என்று பார்க்கலாம், நிறுத்தலாம், லிமிட்டை ஏற்றி இறக்கலாம். ஒரு சங்கதி: இலவசப் பதிப்பில் திரையில் செய்த நிறுத்தமும் லிமிட் மாற்றமும் ப்ரொட்யூசரின் நினைவில் மட்டுமே இருக்கும். அடுத்த டெப்ளாயில் கான்ஃபிகில் உள்ளது திரும்ப வந்துவிடும். மாலையில் பேமென்ட் க்யூவை நிறுத்தி வைத்துவிட்டுப் போனால், ராத்திரி இன்னொருவர் டெப்ளாய் செய்ததும் அது ஓட ஆரம்பித்துவிடும். லிமிட்டும் நோட் ஒன்றுக்கு என்பதை மறக்க வேண்டாம்: 10 என்று போட்டு 3 நோட் ஓட்டினால் 30 ஜாப் ஒரே நேரத்தில். ஃபீனிக்ஸ் ப்ராஜெக்டின் வழக்கமான டேட்டாபேஸ் பூல் நோடுக்கு 10. எல்லா க்யூக்களின் லிமிட்டையும் கூட்டினால் நோடுக்கு 50 வருகிறது என்றால், கனெக்‌ஷன் கிடைக்காமல் விழும் பிழைகளை ஜாபின் தலையில் போடாதீர்கள். ஓபானின் சொந்தக் க்வெரிகளும் அதே பூலில்தான் கையேந்தி நிற்கின்றன.

திரை எங்கே ஏமாற்றும் என்று இனிப் பார்ப்போம்.

முதல் இடம் 'எக்ஸிக்யூட்டிங்'. திரையில் அந்தப் பட்டியலில் ஒரு ஜாப் இருந்தால், "எடுத்தார்கள், முடிந்ததாக யாரும் சொல்லவில்லை" என்பதுதான் பொருள். அதற்கு மேல் எதுவும் இல்லை. கன்டெய்னர் டெப்ளாயில் இது அடிக்கடி நடக்கும். ஓபான் நிறுத்தும்போது ஓடும் ஜாபுக்குத் தரும் அவகாசம் 15 வினாடி. டாக்கர் ஸ்டாப் கொடுக்கும் அவகாசமோ 10 வினாடிதான், அதற்குப் பிறகு சிக்கில், அதாவது கேள்வி கேட்காமல் கொலை. வாட்ச்மேன் காத்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து தரையை உருவிவிடுகிறார்கள். ஜாப் முடியவில்லை, தோல்வி என்று எழுத ஆளும் இல்லை; வரி 'எக்ஸிக்யூட்டிங்' நிலையிலேயே அநாதையாக நிற்கும். குபர்நெட்டிஸில் வழக்கமான அவகாசம் 30 வினாடி, ப்ரீஸ்டாப் ஹூக் எடுக்கும் நேரமும் அதற்குள்தான் அடக்கம். ஓபானின் அவகாசத்தை 60 ஆக்கிவிட்டுப் பாட் அவகாசத்தை அப்படியே விட்டால் அந்த 60க்கு அர்த்தமே இல்லை. வெளியே உள்ள அவகாசம் எப்போதும் உள்ளே உள்ளதைவிடக் குறைந்தது 10 வினாடி கூடுதலாக இருக்கட்டும்.

அநாதைகளை மீட்க லைஃப்லைன் ப்ளக்இன் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, 60 நிமிடத்துக்கு மேல் 'எக்ஸிக்யூட்டிங்' நிலையில் கிடப்பதைத் திரும்ப 'அவெய்லபிள்' ஆக்கும். முயற்சிகள் தீர்ந்திருந்தால் 'டிஸ்கார்டட்'. இதுவும் ப்ராசஸைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தை மட்டும் பார்க்கிறது. உண்மையாகவே 90 நிமிடம் ஓடும் ரிப்போர்ட் ஜாப் இருந்தால் 60வது நிமிடத்தில் அதற்கு ஒரு இரட்டை பிறந்துவிடும். சரியான வரிசை இது: ஒவ்வொரு ஒர்க்கருக்கும் டைம்அவுட் எழுதுங்கள் (எழுதாவிட்டால் எல்லையே கிடையாது), அவற்றில் மிகப் பெரியதை எடுத்து அதோடு கொஞ்சம் கூட்டி மீட்பு நேரமாக வையுங்கள். பெரிய டைம்அவுட் 10 நிமிடம் என்றால் மீட்பு 15 நிமிடம். ப்ளக்இன் முடியும் டெலிமெட்ரி நிகழ்வில் எத்தனை மீட்கப்பட்டன என்பது வரும். அது பூஜ்யத்துக்கு மேல் போனால் ஒரு அலர்ட் வையுங்கள். டெப்ளாய் நேரத்தில் மட்டும் வந்தால் அவகாசக் கணக்கு தவறு, மற்ற நேரத்தில் வந்தால் பெரும்பாலும் மெமரி தீர்ந்து நோட் சாகிறது.

அநாதையால் வரும் கொடுமை தன்னோடு நிற்பதில்லை. ஒரே ஜாப் இரண்டு முறை சேராதபடி யூனிக் அமைத்த ஜாபில் காலம் 'இன்ஃபினிட்டி' என்று வைத்திருந்தால், அநாதையாகக் கிடக்கும் வரியும் "ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது" என்றே கணக்கில் வரும். புதிதாகப் போடும்போது பிழை எதுவும் வராது. ஓகே என்று பதில் வரும், கான்ஃப்ளிக்ட் என்ற ஃபீல்டு மட்டும் ட்ரூ. அதை யார் பார்க்கிறார்கள்? 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய சிங்க் வேலை ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் நின்றிருக்கும். லைஃப்லைன் போடவில்லை என்றால் யாராவது கையால் அந்த வரியைத் தொடும் வரை நின்றிருக்கும். டேஷ்போர்டில் அது பச்சையாக 'எக்ஸிக்யூட்டிங் 1' என்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

நோடையே கொல்லும் ஜாப் அடுத்த வகை. பெரிய சிஎஸ்வி ஒன்றை முழுசாக நினைவில் ஏற்றுகிறது, லினக்ஸ் மெமரி கில்லர் எலிக்சிரை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினான பீமையே அடித்துப்போடுகிறது. லைஃப்லைன் மீட்கிறது, இன்னொரு நோடில் ஏறி அதையும் சாய்க்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல தடயம் உண்டு. ஜாபை எடுக்கும்போதே முயற்சி எண் ஒன்று கூடிவிடும், பிழைப் பட்டியலிலோ தோல்வியைப் பதிவு செய்தால்தான் ஒரு பதிவு ஏறும். முயற்சி 6, பிழைகள் காலி என்று ஒரு வரி தென்பட்டால், அந்த ஜாப் போன இடமெல்லாம் நோடோடு சேர்ந்து செத்திருக்கிறது என்று பொருள். ஜாபைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடும் (ஸ்னூஸ்) ஒர்க்கர்களை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். முயற்சி எண்ணையும் பிழைப் பட்டியலின் நீளத்தையும் ஒப்பிடும் க்வெரியை மணிக்கு ஒருமுறை ஓட்டினால் போதும்.

'டிஸ்கார்டட்' ஆனால் அலர்ட் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான முயற்சி வரம்பு 20. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பு 15 வினாடியோடு இரண்டின் முயற்சி எண் அடுக்கு, மேலே கொஞ்சம் தாறுமாறு. முதல் தோல்விக்கு 17 வினாடி, 10வதுக்கு 17 நிமிடம். 19 இடைவெளிகளையும் கூட்டினால் 12 நாள் தாண்டும். அதாவது, இன்று உடைந்த ஒர்க்கருக்கான 'டிஸ்கார்டட்' அலர்ட் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து வந்து சேரும். அதுவரை எல்லாம் 'ரிட்ரையபிள்' பட்டியலில் அமைதியாகத் தூங்கும். வரம்பை 8 ஆக்கினால் 6 நிமிடத்தில் தீர்ந்துவிடும், 12 ஆக்கினால் சுமார் 70 நிமிடம். வெளி ஏபிஐ எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கலாம் என்பதை வைத்து ஒர்க்கருக்கு ஒர்க்கர் எண்ணை முடிவு செய்யுங்கள். 'டிஸ்கார்டட்' வரும்வரை காத்திராமல் மூன்றாவது முயற்சியும் தோற்றாலே எச்சரிக்கை வரும்படி வைப்பது நல்லது.

அந்த வரி எத்தனை நேரம் டேபிளில் தங்கும் என்பது வேறு. பழைய வரிகளை நீக்கும் ப்ரூனர் ப்ளக்இனை எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் போட்டால் முடிந்தது, கேன்சல் ஆனது, டிஸ்கார்ட் ஆனது மூன்றையும் 60 வினாடியில் துடைத்துவிடும். சனிக்கிழமை செத்த ஜாபைத் திங்கட்கிழமை திரையில் தேடினால் அது இருக்காது. 7 நாள், அதாவது 6,04,800 வினாடி வையுங்கள். இலவசப் ப்ரூனரில் எல்லா நிலைக்கும் ஒரே வயதுதான். நிலைக்கு ஒரு வயது வேண்டுமானால் காசு கட்டிப் பெறும் ஓபான் ப்ரோவின் டைனமிக் ப்ரூனருக்குப் போக வேண்டும்.

அலர்ட்டுக்கு எண்கள் டெலிமெட்ரியில் நிறையவே வருகின்றன: ஜாப் ஸ்டார்ட், ஸ்டாப், எக்ஸெப்ஷன், அவற்றோடு ஓடிய நேரமும் க்யூவில் காத்திருந்த நேரமும். ப்ராமெத்தியஸ், கிரஃபானா வைத்திருப்பவர்களுக்குப் ப்ராம்எக்ஸில் ஓபானுக்கென்றே ப்ளக்இன் இருக்கிறது. கையால் எழுதுபவர்கள் நேரங்கள் நேட்டிவ் அலகில் வருவதைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் அது நானோ வினாடி. மாற்றாமல் மில்லி வினாடி என்று வரைந்தால் எண் பத்து லட்சம் மடங்கு ஊதிப் போகும். இதைப் பார்த்த உடனே பிடித்துவிடலாம். பிடிக்க முடியாத இரண்டு உண்டு.

காத்திருந்த நேரம், ஜாப் தொடங்கினால்தான் வெளியே வரும். க்யூ முழுசாக நின்றுபோனால் எந்த ஜாபும் தொடங்காது, எந்த எண்ணும் வராது, வரைபடம் சமமாகக் கிடக்கும். அளவுகோலே நோயோடு சேர்ந்து படுத்துவிடுகிறது. ஆகவே ஒரு அளவையாவது நேராக டேபிளிலிருந்து எடுங்கள்: ஒவ்வொரு க்யூவிலும் 'அவெய்லபிள்' நிலையில் இருப்பவற்றில் மிகப் பழைய ஷெட்யூல் நேரம், இப்போதிலிருந்து எத்தனை வினாடி. டேபிளின் இண்டெக்ஸ் நிலை, க்யூ என்றே தொடங்குவதால் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் பாரம் தெரியாது. ஒரே ஒரு அலர்ட்தான் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். இதை ஓபானின் நேர அட்டவணையான க்ரானில் போட்டு ஓட்டாதீர்கள், நோயாளியையே நாடி பார்க்கச் சொன்ன கதையாகிவிடும். க்ரான், லைஃப்லைன், ப்ரூனர் மூன்றும் லீடர் நோடில்தான் நடக்கும். லீடர் இல்லாவிட்டால் மூன்றும் சேர்ந்து நிற்கும். லீடர் யார் என்பதைப் பதிந்து வைக்கும் பியர்ஸ் டேபிளில் காலாவதி நேரம் எதிர்காலத்தில் இருக்கும் வரி ஒன்று உண்டா என்பதையும் அந்த வெளிச் சோதனையிலேயே சேர்த்துவிடலாம்.

இரண்டாவது டெலிமெட்ரியின் குணம். ஹேண்ட்லருக்குள் பிழை எழுந்தால் டெலிமெட்ரி அந்த ஹேண்ட்லரையே கழற்றிவிடும், நோட் மறுபடி தொடங்கும் வரை அது திரும்பச் சேராது. பிழைகளை ஸ்லாக்குக்கு அனுப்பும் ஹேண்ட்லரில் ஒரு பேட்டர்ன் மேட்ச் பொருந்தாமல் விழுந்தது என்றால், அன்றிலிருந்து பிழையே வராத அழகான அமைதி. ஹேண்ட்லரில் கனமான வேலை வைக்காதீர்கள். ஹேண்ட்லர் தோல்விக்கென்று டெலிமெட்ரி தானே வெளியிடும் நிகழ்வையும் கேளுங்கள்.

டேஷ்போர்டில் எல்லாம் பூஜ்யம், ஆனால் ஜாப் ஓடுகிறது என்று வரும் புகாரின் வேர் பெரும்பாலும் டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் இடைநிரலான பிஜிபவுன்சர். டிரான்சாக்‌ஷன் பூலிங்கில், நோடுகள் செய்தி பரிமாறப் பயன்படும் போஸ்ட்கிரெஸின் லிசன்-நோட்டிஃபை ஜோடி வேலை செய்யாது. ஓபான் தன் ஸ்டேஜரை (ஜாபுகளைத் தயார்ப்படுத்தும் பகுதி) ஒவ்வொரு நோடும் தானே டேபிளைப் பார்க்கும் லோக்கல் போலிங்குக்கு மாற்றிக்கொண்டு ஓட்டிவிடும், அதனால் வேலை நிற்காது. ஆனால் நோடுகளுக்குள் செய்தி போகாததால் மெட்ரிக்கும் வராது, திரையில் அழுத்தும் பாஸ், கேன்சல் பொத்தான்களும் மற்ற நோடுக்குப் போய்ச் சேராது. நோட்டிஃபையரின் நிலையைக் கேட்டால் 'ஐசொலேட்டட்' என்று வரும். நோடுகள் எர்லாங் க்ளஸ்டராக இணைந்திருந்தால் பிஜி நோட்டிஃபையருக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் ஓபானுக்கு மட்டும் பவுன்சரைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுங்கள்.

கடைசியாக ப்ராசஸ். "இந்த ஜாப் 8 நிமிடமாக என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்ற கேள்விக்கு ஓபான் வெப்பில் பதில் கிடையாது. அதற்கு ரிமோட் கன்சோல்தான். க்யூவைச் சோதிக்கும் ஃபங்ஷன் அந்த நோடில் ஓடும் ஜாப் ஐடிகளைத் தரும். ஓபானின் ரெஜிஸ்ட்ரியில் ஃபோர்மேன், க்யூ பெயர் என்ற ஜோடியைக் கேட்டால் டாஸ்க் சூப்பர்வைசரின் பிஐடி (ப்ராசஸின் அடையாளம்) வரும், அதன் பிள்ளைகள்தான் ஜாபுகள். திரையில் 'எக்ஸிக்யூட்டிங்' 12, இங்கே எல்லா நோடுகளிலும் கூட்டினால் 9 என்றால் மூன்று அநாதைகள். எந்தப் பிஐடி எந்த ஜாப் என்று தெரிய ஒரு சின்ன ஏற்பாடு: ஜாப் ஸ்டார்ட் ஹேண்ட்லர் அந்த ஜாபின் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுவதால், அங்கே ஒர்க்கர் பெயரையும் ஐடியையும் ப்ராசஸ் லேபிளாக வைத்துவிடுங்கள். எலிக்சிர் 1.17, ஓடிபி 27 இருந்தால் ப்ராசஸ்களைக் காட்டும் அப்சர்வர் கருவியிலேயே அந்தப் பெயர் தெரியும். பிறகு ப்ராசஸ் இன்ஃபோவில் தற்போதைய ஸ்டாக்ட்ரேஸ், மெமரி, செய்திப் பெட்டி நீளம் மூன்றையும் கேட்டால் எச்டிடிபி பதிலுக்குத் தொங்குகிறதா, டேட்டாபேஸ் பூலில் நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

டைம்அவுட் எழுதியாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு ஓட்டைகள். டைம்அவுட் என்பது ப்ராசஸுக்கு அனுப்பும் எக்ஸிட் சிக்னல். ஒர்க்கருக்குள் யாராவது ட்ராப் எக்ஸிட் போட்டிருந்தால் அது இன்னொரு செய்தியாக அஞ்சல் பெட்டியில் விழுந்து கிடக்கும், ஜாப் ஓடிக்கொண்டே இருக்கும். ஒர்க்கரில் ட்ராப் எக்ஸிட் வேண்டாம். மற்றது வெளிக் கட்டளைகள். எஃப்எஃப்எம்பெக், பிடிஎஃபுக்கான குரோமியம் போன்றவற்றைச் சிஸ்டம் கமாண்டில் கூப்பிட்டால், எலிக்சிர் ப்ராசஸ் செத்ததும் போர்ட் மூடும், ஆனால் ஸ்டாண்டர்ட் இன்புட் மூடியதைக் கவனிக்காத நிரல் சாகாது. ஜாப் 'ரிட்ரையபிள்' ஆகி மறுபடி ஓடும், பழைய குரோமியமும் உயிரோடு இருக்கும். மூன்று முயற்சிக்கு மூன்று குரோமியம். பீமின் மெமரி வரைபடம் சாதுவாக இருக்கும், மெஷின் மட்டும் மூச்சுத் திணறும். இதற்கு மியூவான்ட்ராப் லைப்ரரி வழியாகக் கட்டளையை ஓட்டுங்கள், அல்லது எலிக்சிர் ஆவணத்திலேயே போர்ட் பகுதியில் உள்ள ராப்பர் ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரோவுக்குக் காசு கொடுக்க வேண்டுமா? ஜாபுகள் சில நிமிடத்தில் முடிபவை, ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் கெடுதல் இல்லாதபடி எழுதியிருக்கிறீர்கள் என்றால் வேண்டாம். மேலே சொன்ன டேபிள் சோதனைகளும் இலவசத் திரையும் தாராளம். மணிக்கணக்கில் ஓடும் ஜாப் இருந்தால் கணக்கு மாறும். அங்கே டைனமிக் லைஃப்லைன் கடிகாரத்தை விட்டுவிட்டு, ஜாபை எடுத்த ப்ரொட்யூசர் இன்னும் இதயத்துடிப்பு அனுப்புகிறதா என்று பார்த்து மீட்கிறது. 3 மணி நேர ஜாபுக்கு இரட்டை பிறக்காது, டெப்ளாயில் அநாதையானதும் மணிக்கணக்கில் காத்திருக்காது. ஹெரோக்கு போன்ற இடத்தில் டைனோவின் (அங்கே ஆப் ஓடும் கன்டெய்னர்) பெயர் டெப்ளாய்க்கு டெப்ளாய் மாறாமல் 'ஒர்க்கர்.1' என்றே இருப்பதால், வரியில் எழுதியிருக்கும் நோட் பெயரை வைத்துக் கையால் அநாதையைப் பிரிக்கவும் முடியாது. அங்கே ஓட்டுபவர்களுக்கு இந்த ஒரு அம்சத்துக்காகவே ப்ரோ கட்டுப்படியாகும்.